பின்தகட்டில் ஒரு காது

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. பட்டறையில் நேருக்கு நேர் அண்ணே. முதுகைத் திருப்பினால் உம்மணாமூஞ்சி. அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வேலைக்கு வர முடியும்?

பிறந்தபோதே புருவம் இரண்டும் நடுவில் கைகோத்துக்கொண்டிருந்ததாம். வாயின் இரண்டு ஓரமும் கீழே இழுத்திருக்கும். சும்மா உட்கார்ந்து காற்று வாங்கினாலும், எவனையோ வெட்டப் போகிற யோசனையில் இருப்பது போலத் தெரியும். மூன்றாம் வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதே என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். "என்னடா முறைக்கிற?" என்று வாத்தியார் ஒன்று வைத்தார். அடி வாங்கிய முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. "இன்னும் முறைக்கிறான் பாரு" என்று இன்னொன்று வைத்தார். இப்படியே வாங்கி வாங்கி, ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குத் தலைமுழுகிவிட்டார். அது கண்ணாடி போட வேண்டிய கண் என்று தெரிந்தபோது வயது இருபத்து மூன்று.

அந்த முகத்துக்கு மரியாதை கிடைத்தது ஒரே ஓர் இடத்தில். மெஷின் பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில் முந்தின நாள் யாரோ தவறிப்போயிருந்தார்கள். விஷயம் தெரியாமல் கருவிப் பையோடு வாசலில் நின்றவரை, "பாவம், வேலைக்குப் போற வழியில சேதி கேட்டு அப்படியே ஓடி வந்துட்டார்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மெஷின் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

துணி துவைக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஒரே கம்பெனியின் பட்டறையில் இருபத்தாறு வருஷம். மெஷின் நம்மிடம் நடந்து வராது, நாம்தான் அதனிடம் போக வேண்டும். அதுவும் இந்த மெஷின்கள் மூன்றாவது மாடி, நான்காவது மாடி என்று தேடிப்பிடித்துக் குடியிருக்கும். ஏறி ஏறி வலது முட்டி தேய்ந்துவிட்டது. "படி ஏறுறதை நிறுத்துங்க, இல்லன்னா ரெண்டு வருஷத்துல கட்டில்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி. பட்டறை மூலையில், கழற்றித் தூக்கி வருகிற மெஷின்களைச் சோதித்து, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று அட்டை பிரித்துக் கொடுக்கிறவர் உட்காரும் நாற்காலி. அதில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார். ஏற்கெனவே இரண்டு முறை அந்த நாற்காலி காலியாகி, இரண்டு முறையும் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. இது மூன்றாவது முறை.

மேனேஜர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க கையில வேலை இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா அந்த நாற்காலிக்கு ஜனங்க நேர்ல வருவாங்க. இதமா பேசணும். உங்களுக்கு அது ஒத்துவராது."

"யாரு சார் சொன்னா? யாராவது என் மேல எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"எழுதணுமா என்ன? பாத்தாலே தெரியுதே."

அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஏதாவது சொன்னால் அதையும் கோபம் என்று கணக்கில் வைப்பார்கள். சொல்லாமல் இருந்தால் முறைக்கிறார் என்பார்கள். ஊமை கண்ட கனவு போல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "ஒண்ணு பண்ணலாம். ஒரு அம்மா மெஷின்ல சத்தம் வருதுன்னு அஞ்சு தடவை கூப்பிட்டு, அஞ்சு தடவையும் நம்ம ஆளுங்க ஒண்ணுமில்லன்னு திரும்பிட்டாங்க. இப்ப தலைமை ஆபீசுக்கே எழுதிடுச்சு. நீங்க போய் முடிச்சு வைங்க. அந்த அம்மா கையாலயே திருப்தின்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதைக் காட்டி நான் மேல பேசுறேன். நாற்காலி உங்களுக்கு."

வீட்டில் சொன்னபோது மனைவி சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்காவது கதவு திறந்ததும் கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சா பல்வலியான்னு கேக்குறாங்க."

"அப்ப கண்ணாடியில பாத்துப் பழகுங்க. அந்த இளிச்சவாயன் எப்படி முப்பத்திரண்டையும் காட்டிக்கிட்டே காரியம் சாதிக்கிறான்?"

அந்தப் பெயரை எடுத்ததும் அவருக்கு எரிச்சல் ஏறியது. இளிச்சவாயன் என்பது பட்டறையில் மூன்று வருஷமாக இருக்கிற இன்னொரு மெக்கானிக். முப்பது வயது. எப்போது பார்த்தாலும் சிரிப்பு. போகிற வீட்டில் எல்லாம் நல்ல பேர். அவனுக்குத் தெரிந்த வேலை பல் காட்டுவது மட்டும்தான் என்பது அவருடைய தீர்மானம். நாற்காலிக்கு அவன் பெயரும் அடிபடுகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த மெஷின்களுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கும். எட்டுத் திருகு கழற்றினால் வந்துவிடும். அதன் உள்பக்கத்தில், வந்த தேதியையும் மாற்றிய சாமானையும் மார்க்கரால் எழுதி வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அடுத்து வருகிறவனுக்கு உதவும். வீட்டுக்காரர்கள் கண்ணில் அது படவே படாது. கண்ணில் படாது என்றால் கை சும்மா இருக்குமா? தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமும் போட ஆரம்பித்தார்கள். மீசை போட்டிருந்தால், வீட்டு ஆம்பளை கூடவே நின்று வேலை சொல்லிக் கொடுப்பார் என்று அர்த்தம். எலுமிச்சம்பழம் என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது. கத்தரிக்கோல் என்றால் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம். காது என்றால், இல்லாத சத்தம் கேட்கிற ஆள். மெஷினில் ஒன்றும் இருக்காது, ஐந்து நிமிஷம் வெறுமனே ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பு.

இதில் காது மட்டும் உம்மணாமூஞ்சி கண்டுபிடித்தது. பட்டறையே சிரித்தது. அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். தன் மூஞ்சியைப் பார்த்து ஊர் முடிவு கட்டுகிறதே என்று இருபத்தாறு வருஷமாகப் புழுங்குகிற மனுஷர், அடுத்தவர் வீட்டு மெஷினில் காது வரைந்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு இறங்குவார். இரண்டும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி. முப்பத்தெட்டுப் படி. ஒவ்வொன்றுக்கும் முட்டி தனித்தனியாகப் பதில் சொன்னது. மணியை அழுத்தியதும் ஒரு அம்மா கதவைத் திறந்தாள். அறுபதை நெருங்குகிற வயது, ஒடிசலான உடம்பு, தூக்கிச் சொருகிய முடி. அவர் முகத்தைப் பார்த்து அரை அடி பின்னால் போனாள். எல்லாரும் போகிற அரை அடிதான்.

"மெஷின் பாக்க வந்திருக்கேன்மா."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி. காது மந்தம்."

அவருக்கு உள்ளே ஒன்று இடித்தது. காது மந்தமான ஆள் மெஷினில் சத்தம் வருகிறது என்று ஐந்து முறை கூப்பிடுகிறாளா? சரிதான், வழக்கமான கேஸ். உள்ளே வேறு ஆள் அரவமே இல்லை. தனியாக இருக்கிற பொம்பளை, பேச்சுத் துணைக்குக் கூப்பிடுகிறாள். ஒன்றுமில்லாத மெஷினை என்னவென்று சரி பண்ணித் திருப்தி எழுதி வாங்குவது? நாற்காலி கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போகப் போகிறது.

மெஷின் குளியலறை ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் கதவு வைத்த ரகம். மேலே ஈரம் படாமல் பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தாள். அவர் வெறும் டிரம்மை ஓட்டினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே ஓடுது."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க" என்றாள் அந்த அம்மா. குரல் உயரவில்லை. "உள்ள துணி இல்லாம ஓட்டினா நல்லாத்தான் ஓடும். மூட்டை தூக்காத ஆளுக்கு இடுப்பு வலிக்குமா?"

அவர் மெஷினை முன்னால் இழுத்துத் திருப்பி, எட்டுத் திருகையும் கழற்றி, தகட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்.

ஐந்து வரி இருந்தது. முதல் வரி இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் ஒரு காது. காதின் கீழ்ப்பக்கம் கடுக்கன் மாதிரி ஒரு புள்ளி. பட்டறையில் கடுக்கனோடு காது வரைகிற ஆள் ஒருவர்தான் உண்டு. எத்தனையோ ஆயிரம் வீடு ஏறி இறங்கியதில் இந்த வீடு அவருக்கு மறந்தே போயிருந்தது. பழைய அட்டைகளை வருஷம் தாண்டினால் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள், மேனேஜருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது வரியில் படம் இல்லை. கோணல் எழுத்தில், 'முழுத் துணி போட்டுப் பிழியும்வரை ஓட்டிப் பார்க்கவும். இன்று நேரமில்லை' என்று இருந்தது. அந்தக் கோணல் எழுத்து இளிச்சவாயனுடையது. அதற்குக் கீழே மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். மூன்று பேரும் மேலே இருந்த காதைப் பார்த்திருக்கிறார்கள். எழுத்தை ஒருவனும் படிக்கவில்லை. காது, காது, காது.

"அம்மா, வீட்ல இருக்கிற போர்வை, பெட்ஷீட் எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

நனைத்துத் திணித்து ஓட்டினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. கடைசியில் பிழிகிற சுற்று வேகம் பிடித்தபோது அந்த அம்மா மெஷின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். "வாங்க தம்பி. இங்க கையை வைங்க."

வைத்தார். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் உள்ளே எதுவோ ஒரு சுற்றுக்கு ஒரு முறை எலும்பைத் தட்டுவது போல் தட்டியது.

"இருபத்தெட்டு வருஷம் நூல் மில்லுல இருந்தேன்" என்றாள். "அங்க இரைச்சல்ல காது எங்க கேக்கும்? போன புதுசுலயே பாதி போயிடுச்சு. மெஷின் மேல கையை வெச்சுத்தான் எது சரி, எது சீக்குன்னு சொல்லுவோம். காதால இல்ல தம்பி, கையால."

அவர் மெஷினை நிறுத்தி, அடிப்பக்கத்து ஹீட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். டிரம்மின் முதுகைத் தாங்குவதற்கு மூன்று கை வைத்த ஒரு சட்டம் உண்டு. ஒரு கை முழுசாக உடைந்து போயிருந்தது. இரண்டாவதில் மயிரிழை விரிசல். இன்னும் நாலு தடவை போர்வை போட்டிருந்தால், டிரம் சுற்றுகிற வேகத்தில் பிய்த்துக்கொண்டு கதவை உடைத்திருக்கும். கதவுக்கு எதிரே ஒரு குட்டை ஸ்டூல் கிடந்தது. துணி முடிகிறவரை அதில்தான் உட்கார்ந்திருப்பாள் போல.

முதல் தடவையே முழுத் துணி போட்டு ஓட்டியிருந்தால் வெறும் தட்டலிலேயே பிடித்திருக்கலாம். அவருக்குத் தன் கன்னத்தில் தானே ஒன்று கொடுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அந்த அம்மா தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது என்ன படம்? நாலு இருக்கு."

வியாபார முத்திரை என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் நாற்காலி, முட்டி, டாக்டர் எல்லாம் அவர் கண்முன் வந்து போயின. மூஞ்சி என்னவோ எப்போதும் போலத்தான் இருந்தது.

"காதும்மா. இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்ற ஆளுங்க வீட்ல போடுறது. அடுத்து வர்றவன் ரொம்ப மெனக்கெட வேணாம்னு."

அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். "மொதல்ல போட்டது யாரு?"

"நான்தான்."

"நீங்களா?" அவரை உற்றுப் பார்த்தாள். "ஆமா. இந்தப் புருவம்... இப்ப ஞாபகம் வருது. அன்னைக்கு உங்ககிட்ட கையை வெச்சுப் பாருங்கன்னு சொல்ல வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும், இவன் சிடுசிடுப்பான ஆளு, சொன்னா கடிச்சு வெப்பான்னு வாயை மூடிக்கிட்டேன்."

"நான் கோவமாவே இல்லம்மா அன்னைக்கு!" அவர் குரல் தன்னை அறியாமல் உயர்ந்துவிட்டது. "இது என் பொறவி மூஞ்சி!"

"எனக்குக் கேக்குது, கத்தாதீங்க" என்றாள் காது மந்தமான அம்மா.

யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குப் புரியவில்லை. இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பார்த்திருப்பார். பார்த்திருப்பாரா? காது மந்தம், தனி ஆள் என்று தெரிந்த மாத்திரத்தில் இன்றைக்கே உள்ளே முடிவு கட்டியாயிற்றே. அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அவள் அவர் மூஞ்சியைப் படித்தாள், அவர் அவள் காதைப் படித்தார். நடுவில் இரண்டு வருஷமாக மெஷின் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, சட்டத்தோடு சேர்ந்த புது டிரம்மைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். பழைய தகட்டைத் துடைத்து, வெறும் தேதியும் சாமானும் எழுதினார். கிளம்பும்போது திருப்திக் காகிதத்தை நீட்டினார். என்ன எழுத வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினாள்.

மேனேஜர் அதை வாய்விட்டுப் படித்தார். "'வந்தவர் பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்தார். இரண்டு வருடம் முன்பு கண்டுபிடிக்காமல் போனவரும் இவரே. அதை அவரே ஒப்புக்கொண்டார். மெஷினுக்குள் காதுப் படம் வரைந்து வாடிக்கையாளரைக் கேலி செய்யும் வழக்கத்தை நிறுத்தவும்.' என்ன இது? இதைப் போய் நான் எப்படி மேல அனுப்புறது?"

"அந்த அம்மா எழுதினது அத்தனையும் நிஜம் சார்."

"நிஜம்தான்யா பிரச்சினையே! கேட்டா ஏதோ ஒரு குறின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே? யாரு உங்களை அர்த்தம் சொல்லச் சொன்னா? அதான் அன்னைக்கே சொன்னேன், ஆளுங்களைச் சமாளிக்க உங்களுக்கு வராதுன்னு." இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுக் காகிதத்தைத் தள்ளினார். "இன்னொரு தடவை போங்க. முதல் வரியை மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்."

அன்று வீட்டில் மனைவி அந்தக் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கேட்டா எழுதிக் குடுக்குமாங்க அந்த அம்மா?"

"குடுக்கும்."

"அப்புறம் என்ன? போக வேண்டியதுதானே?"

"போய் என்னன்னு கேக்குறது? நீ சொன்னது எல்லாம் சரி, ஆனா சொல்லாதேன்னா? சொல்லாதேன்னுதானே ரெண்டு வருஷமா அந்த அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தோம்."

"உங்க முட்டி?"

அவர் தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் வெற்றுக் காகிதம் வெறுமையாகவே மேனேஜர் மேசைக்குப் போனது.

பட்டறையில் காதை நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காதைப் பெத்தவரே காதை வேணாங்குறாரே!" என்றான் ஒருவன். "அண்ணனுக்கு அந்த அம்மா நல்லா காதைத் திருகி அனுப்பியிருக்கு" என்றான் இன்னொருவன். அவர் கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி மேசையில் போட்டார். அதைப் பார்த்து, "பாத்தியா, ஆளு எப்பவுமே இப்படித்தான்" என்று முணுமுணுத்தார்கள். இளிச்சவாயனை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டார்.

"துணி போட்டு ஓட்டிப் பாக்கணும்னு உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. பட்டறையில வந்து ஏன்டா வாயைத் திறக்கல?"

"சொன்னேன்ணே. 'நீ சிரிச்சுக்கிட்டே சொல்றதை எவன் நம்புவான்'னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சொன்னதே நீங்கதாண்ணே" என்றான். அதைச் சொல்லும்போதும் சிரித்தான். அது அவன் பிறவி வாய்.

மறு வாரம் நாற்காலியில் இளிச்சவாயன் உட்கார்ந்தான். முதல் நாள் காலையில் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தான். உம்மணாமூஞ்சிக்கு நாலு அட்டை. நாலும் கீழ்த்தளத்து வீடு.

"என்னடா இது? நாலும் கீழ இருக்கு. நொண்டின்னு நீயா முடிவு கட்டிட்டியா?"

"இல்லண்ணே. நீங்க படி இறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சு நிக்கிறதைப் பாத்திருக்கேன். அதான் இப்படிப் பிரிச்சேன். தப்புன்னா சொல்லுங்க. எத்தனை மாடி வரைக்கும் முடியும்?"

அவர் அவனை முறைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே முறைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. அதை இவன் கேட்டுத் தொலைத்ததுதான் அவருக்கு இன்னும் ஆற்றாமையாக இருந்தது. உட்கார்ந்திருக்க வேண்டியது அவர். இன்றைக்கும் நிற்பது அவர்.

"ஒரு மாடி" என்றார். "மாடி வீடு ஒரு நாளைக்கு ரெண்டு. அதுக்கு மேல வேணாம்."

அவன் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு, முதல் மாடி வீடு ஒன்றின் அட்டையைக் கொடுத்தான். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.